முப்பத்தொன்றாம் எண்

அழைப்பிதழில் அம்மாவின் படத்துக்குக் கீழே இப்படி அச்சடித்திருந்தார்கள்: 'தன் மகளையே கொடுத்து மாணவியைக் காத்த மாதரசி.' அந்த 'மகளையே' நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்துவிட்டு, நினைவுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கடைக்கு வந்து நின்றார்கள் பழைய மாணவர் சங்கத்துக்காரர்கள். நான் தொடைக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே சரி என்றேன். செயலாளர் இரண்டடி தள்ளி நின்றபடியே நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. கட்டிக்கொண்டவர் விட்டுப்போன இறைச்சிக் கடையைத் தனியாக நடத்துகிறேன். இடது கையில் மூன்று விரல்கள்தான். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் மற்ற இரண்டையும் என் கத்தியே தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் எலும்பு வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். விரல் போனதைவிடத் தொழில் தெரியாதவள் என்று பெயர் வாங்குவதுதான் எனக்கு எரிச்சல்.

ஐம்பத்தோரு வருடமாக எனக்கு ஒரே கேள்வி. அன்றைக்கு அம்மா என்னைத் தெரிந்தே கொடுத்தாளா, இல்லை தெரியாமல் மாட்டிவிட்டாளா? தெரிந்தே கொடுத்தாள் என்கிறது ஊர். அதற்குத்தான் விருது, சால்வை, இப்போது பள்ளிக்கூட அரங்குக்கு அவள் பெயர். தெரிந்தே கொடுத்தவள் ஊருக்குத் தெய்வமாக இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அம்மாவாக இருக்க முடியாது. அவள் வாயிலிருந்தே ஒரு பதிலை வாங்கிவிட வேண்டும் என்றிருந்தேன். எண்பத்தெட்டு வயதுவரை இருந்தாள், சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

பத்தொன்பது வயதில் ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தவள், ஐம்பத்தெட்டு வயதில் அதே வகுப்பிலிருந்து வெளியே வந்தாள். மேல் வகுப்பு கொடுத்தும் வாங்கிக்கொள்ளவில்லை. அடிப்பாள். மர ஸ்கேலின் விளிம்பால், விரல் முட்டியில். ஒருமுறை வெறிநாய் ஒன்று வகுப்புக்குள் புகுந்தபோது, பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டு, மணியடிக்கும் இரும்புக் கட்டையால் அதன் மண்டையைப் பிளந்தாள். தரையைக் கழுவிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள். குடித்துவிட்டு வந்து மகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்த ஒரு தகப்பனின் முன்பல்லை அதே கட்டைதான் உடைத்தது. மறுநாள் அவனே வந்து மன்னிப்புக் கேட்டான். இதையெல்லாம் சங்கத்துக்காரர்கள் 'கண்டிப்பானவர்' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்கள்.

வருகை எடுப்பதற்கு அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பெயர் கூப்பிட மாட்டாள், எண்தான். தன் எண்ணைக் கேட்டதும் 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் ஸ்கேல் பேசும். முப்பத்தொரு பேரை ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவாள். கடைசியாகச் சேர்த்ததால் என் எண் முப்பத்தொன்று. வகுப்பில் நான் அவளுக்கு மகள் இல்லை. மறந்துபோய் அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் அதற்குத் தனியாக அடி உண்டு.

பதினேழாம் எண், எடைமேடைக் குமாஸ்தாவின் மகள். கல்குவாரி லாரிகளை எடை போடுகிறவர் அவர். குவாரி முதலாளியின் ஆட்கள் காவல்காரனை லாரிச் சக்கரத்துக்குக் கீழே தள்ளிக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான். கோர்ட்டில் சொல்வேன் என்று பிடிவாதமாக நின்றார். போலீஸ் அவரை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குள் எவன் கை வைக்கப்போகிறான் என்று அவர் மனைவி மட்டும் மகளை வழக்கம்போல் அனுப்பிவைத்தாள். அந்த அம்மாள் செய்த தவறு அது ஒன்றுதான்.

பதினோரு மணி இருக்கும். கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. நான்கு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் கையில் இரும்புக் கடப்பாரை, ஒருவன் கையில் கோணிப்பை. முன்னால் வந்தவன் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன். அம்மாவின் வகுப்பில் மையைக் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக் காட்டியதால் மைக்கூடு என்று பெயர் வாங்கியவன். குமாஸ்தாவின் மகள் யார் என்று கேட்டான். காய்ச்சல், அவளுடைய அம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அம்மா கண்ணிமைக்காமல் சொன்னாள். பதினேழு இரண்டாவது வரிசையில்தான் இருந்தாள்.

வேறு யாராவது வந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளையாக உலுக்கியிருப்பான். மைக்கூடு அம்மாவிடம் படித்தவன். மேசையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினான். குமாஸ்தாவின் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைப் பார்த்துக்கொண்டான். பிறகு, எல்லாரும் எழுந்திரிங்க என்றான். அம்மாவின் அதே குரலில், அதே வேகத்தில் கூப்பிட ஆரம்பித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நாங்கள் ஆறு வயதுப் பிள்ளைகள். எண்ணைக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும், அடித்து அடித்து அப்படிப் பழக்கியிருந்தாள். 'உள்ளேன் டீச்சர்', 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லிச் சொல்லி உட்கார்ந்தார்கள். பதினாறு முடிந்தது. பதினேழு என்றான். அவளும் கையைக் கட்டிக்கொண்டு கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அம்மா பாய்ந்தாள். அவளைப் பெஞ்சிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தாள். "இல்லாதவளுக்கு நீ ஆஜர் குடுக்கறியா? என் வயித்துல பொறந்துட்டு இந்தப் பித்தலாட்டத்தை எங்கடி கத்துக்கிட்ட?" என்று கத்திக்கொண்டே அடித்தாள். ஸ்கேல் உடைந்தது. கையால் அடித்தாள். காதோடு சேர்த்து ஒரு அறை விட்டாள், பதினேழின் காதிலிருந்து ரத்தம் வந்தது. உங்க பொண்ணா டீச்சர் என்று மைக்கூடு கேட்டான். ஆமா, என் பொண்ணுதான், முப்பத்தொண்ணு, வேணும்னா நோட்டுல பாத்துக்கோ என்றாள். அவன் பார்த்தான். கடைசி வரியில், பெற்றோர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. பெற்ற மகளைத் தவிர வேறு பிள்ளையை யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள் என்று அவன் நம்பிவிட்டான்.

நம்பியவன் அத்தோடு போயிருக்கலாம், போகவில்லை. பதினெட்டு என்றான். பத்தொன்பது. இருபது. அம்மா அடிப்பதை நிறுத்தவில்லை. பதினெட்டிலிருந்து முப்பதுவரை பதிமூன்று எண்கள். முப்பது உட்கார்ந்தபோது, கடைசி வரிசையில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்தொன்று தரையில் ரத்தத்தோடு கிடக்கிறாள் என்று அம்மா சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் நிற்கிற நான் யார்? பதினேழு. மைக்கூடு பதிவேட்டை மூடிவிட்டு என்னைக் கைகாட்டினான். கடப்பாரைக்காரன் அதன் பின்பக்கத்தால் என் தாடையில் இடித்தான். கோணிப்பை தலையில் விழுந்தது. வகுப்பு மொத்தமும் அலறியதில் எந்தக் குரலும் எனக்குத் தனியாகக் கேட்கவில்லை.

குவாரியில் ஒரு தகரக் கொட்டகை. உங்கப்பா என்ன சொல்றான், கோர்ட்டுக்குப் போகிறானா இல்லையா என்று கேட்டார்கள். அப்பா செத்துட்டாரு என்றேன். அது உண்மை, நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். யாரோ சொல்லிக்கொடுத்த பொய் என்று நினைத்து மிதித்தார்கள். நான் டீச்சர் பொண்ணு என்று சொன்னேன், சிரித்தார்கள். டீச்சர் தன் பொண்ணை அடித்ததை அவர்களே பார்த்தார்களே. இரண்டாம் நாள் காலை, என் இடது கையைக் கருங்கல்லின் மேல் விரித்து வைத்து, கல் உடைக்கும் உளியைச் சுண்டுவிரலில் நிறுத்தி, சம்மட்டியால் ஒரே அடி. வலி உடனே வரவில்லை. விரல் தனியாகக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் வந்தது.

அந்த விரல் குமாஸ்தாவுக்குப் போனபோது, அவருடைய மகள் அதே ஸ்டேஷனில் காதில் கட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று போலீஸ் சொல்ல, எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பதில் வராததால் அன்று சாயங்காலமே இரண்டாவது விரல் போனது. மூன்றாம் நாள் போலீஸ் கொட்டகையை வளைத்தது. இரண்டு பேரை அங்கேயே சுட்டார்கள். என் பக்கத்தில் விழுந்தவனின் ரத்தம் என் பாவாடையில் ஊறியது, நான் நகரக்கூட இல்லை. மைக்கூடு உயிரோடு பிடிபட்டு, ஆறு வருடம் கழித்து ஜெயிலில் எவனோ குத்திச் செத்தான். சந்தோஷப்பட்டேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை ஸ்டூலில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். கட்டுப் போட்ட கையைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு மாதத்தில் மறுபடி வகுப்பில் உட்காரவைத்துவிட்டாள். முப்பத்தொன்று என்று கூப்பிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அடிப்பாள் என்று காத்திருந்தேன். குறித்துக்கொண்டு பாடத்துக்குப் போய்விட்டாள். வருடம் முழுக்க நான் பதில் சொல்லவே இல்லை.

என்னைக் குடைந்தது அந்தப் பதிமூன்று எண்கள்தான். பதினெட்டு வருடம் நாள் தவறாமல் வருகை எடுத்தவளுக்கு, கடைசியில் ஒருத்தி மிஞ்சி நிற்பாள் என்று தெரியாமலா போகும்? பதிமூன்று முறை 'உள்ளேன்' சொல்கிற நேரம் அவளுக்கு இருந்தது. பதினாலு வயதில் நேருக்கு நேர் கேட்டேன். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்பு மைப் புட்டியை எடுத்து எறிந்தாள், நெற்றியில் மூன்று தையல். நாற்பது வயதில், விருது வாங்கிவந்த அன்றைக்குக் கேட்டேன். நடந்ததைக் கிளறாதே என்று சொல்லிவிட்டு விருதை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டாள். தன்னடக்கம் என்றது ஊர். குற்றவாளி செய்கிற வேலை என்று நான் நினைத்தேன். படுக்கையில் விழுந்த கடைசி இரண்டு வருடமும் நான்தான் துடைத்துவிட்டேன், ஊட்டினேன். அப்போதும் கேட்டேன். கன்னத்தில் அறைந்தாள். எண்பத்தெட்டிலும் அந்தக் கைக்குத் தெம்பு இருந்தது.

ஆக, மேடையில் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். இந்தப் பொம்பளை பெயர் வாங்குவதற்காகத் தன் பிள்ளையைப் பலி கொடுத்தவள், இவள் பெயரை அரங்குக்கு வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். கடையைக் காலையில் அடைத்துவிட்டுப் போனேன்.

பேசுகிறவர்களை ஒன்றாம் வகுப்பு அறையில் உட்காரவைத்திருந்தார்கள். முழங்கால் இடிக்கிற குட்டிப் பெஞ்சுகள். அங்கே பதினேழு இருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். அம்மாவின் கண்ணாடிகளை அவள்தான் செய்து கொடுத்தாள், மாதம் தவறாமல் வந்து பார்த்தாள். இடது காது அன்றைக்குப் போனது போனதுதான். நாங்கள் இன்னும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம், இரண்டு பேருக்கும் அதில் ஒரு சிரிப்பு. அவளுடைய நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்து, நான் சொல்லப்போவதைச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்படிச் சொல்லாத. அவங்க உன்னைக் குடுக்கல," என்றாள். "என்னைத்தான் குடுத்தாங்க."

எனக்குப் புரியவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கோணிப்பை என் தலையில் விழுந்தபோதுதான் அம்மா நிமிர்ந்து பார்த்தாளாம். அதுவரைக்கும் அவளை அடிப்பதிலேயே இருந்தாளாம், எண்கள் எதுவும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லையாம். பார்த்ததும் பதினேழைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மைக்கூட்டின் காலடியில் தள்ளினாளாம்.

"'அவ என் பொண்ணு, அவளை விட்டுடு. இவதான் பதினேழு, இவளைக் கொண்டுபோ'ன்னு கத்தினாங்க. மூணு தடவை சொன்னாங்க. அவன் காலைப் பிடிச்சாங்க. அவன் சிரிச்சான். 'மொதல்ல சொன்ன விடைதான் டீச்சர் விடை, அழிச்சு எழுதினா மார்க் கிடையாதுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க'ன்னான். எட்டி உதைச்சுட்டுப் போயிட்டான். மத்ததுங்க எல்லாம் பெஞ்சுக்கடியில அலறிக்கிட்டு இருந்துச்சுங்க. பக்கத்துல இருந்தது நான் மட்டும்தான்."

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊர்ல நான் யாரு? டீச்சர் காப்பாத்தின பொண்ணு. எனக்குக் கல்யாணம் ஆனதே அதைச் சொல்லித்தான். டீச்சர் தூக்கிக் குடுத்த பொண்ணுன்னு ஆகறதுக்கு எனக்கு மனசு வரல. அவங்களும் சொல்லல, நானும் சொல்லல. மாசாமாசம் வருவேன், ரெண்டு பேரும் கண்ணாடியைப் பத்திப் பேசுவோம். அவ்வளவுதான்."

நான் அவளை அறைந்தேன். யோசித்துச் செய்யவில்லை. எலும்பு வெட்டுகிற கை, அவள் பெஞ்சோடு சாய்ந்தாள். உதட்டில் ரத்தம் வந்தது. ஐம்பத்தோரு வருடம். அம்மா உயிரோடு இருந்தபோது இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்தக் கிழவியின் வாயில் கஞ்சியைத் திணிக்காமல் ஊட்டியிருப்பேன். மறுபடி கையை ஓங்கினேன். அவள் தலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, "இந்தக் காதையாவது விட்டு வை," என்றாள்.

கை இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவள் உதட்டைத் துடைத்தேன். அப்போது எனக்குள் ஏறிக்கொண்டு வந்தது என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். வெட்கம்கெட்ட, கொழுத்த சந்தோஷம். அடுத்தவள் பெற்ற பிள்ளையை முடியைப் பிடித்துத் தூக்கி எமன் காலில் எறிந்துவிட்டு, என் பொண்ணை விட்டுடு என்று கத்தியிருக்கிறாள். கணக்குப் போட்டு என்னைக் கொடுக்கவும் இல்லை. ஒரு பிள்ளையை அடிக்கிற அவசரத்தில் கழித்துப் பார்க்க மறந்துபோன மடச்சி, அவ்வளவுதான். எறியப்பட்ட அந்தப் பிள்ளை உதட்டில் ரத்தத்தோடு என் எதிரில் உட்கார்ந்திருக்க, எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

அம்மா ஏன் சொல்லவில்லை என்பதும் அப்போது விளங்கியது. உனக்காகக் கத்தினேன் என்று என்னிடம் சொல்லியிருந்தால், யாரைக் கொடுக்கப் பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். மாதாமாதம் கண்ணாடி கொண்டுவருகிறவளின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பாள்? அந்த ஒரு பதிலுக்கு என்னைத்தான் பட்டினி போட்டாள். நான் தாங்குவேன் என்று நினைத்திருப்பாள்.

செயலாளர் கதவைத் தட்டினார். பதினேழு என் கையைப் பிடித்தாள், மூன்று விரல் கையை. மேடையில் சொல்லிடுவியா என்று கேட்டாள். ஐம்பத்தேழு வயதுப் பொம்பளை, பிடியை விடவில்லை. மகன், மருமகள், பேரன் எல்லாரும் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்றாள். நான் கையை உருவிக்கொண்டு எழுந்துபோனேன்.

அரங்கு நிறைய ஆட்கள். பெரிய படத்தில் அம்மா, பதினேழு செய்துகொடுத்த கண்ணாடியோடு. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டே வாக்கியத்தில் அந்தத் தெய்வத்தை உடைத்துப்போட்டு, எனக்காக ஒருத்தனின் காலைப் பிடித்தவளை எல்லாருக்கும் காட்டிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. பதினேழு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். வீங்கிய உதட்டைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். மடியில் பேரன் ஏறி உட்கார்ந்தான்.

"எல்லாரும் சொல்றது நிஜம்தான்," என்றேன். "எங்கம்மாவுக்குத் தெரியும். கடைசியில நான்தான் நிப்பேன்னு தெரிஞ்சேதான் குடுத்தாங்க. ஒரு வார்த்தை தடுக்கல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் அவங்களுக்கு முதல்ல, நான் அப்புறம்தான்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினேழு மட்டும் எழவில்லை, கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன், பாதிதான் அவளுக்காக. மீதிப் பாதி, அம்மா கத்திய அந்த வார்த்தையை ஊரோடு பங்குபோட எனக்கு மனசில்லை. நாற்காலிக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவ என் பொண்ணு என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். அம்மா செத்து இருபது நாள் ஆகியிருந்தது, அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.